மூன்று மூட்டை ஃபோம்

படகைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நான்தான் வாயை விட்டேன். யாரும் கேட்கவில்லை. டாக்டரம்மா கேட்டதெல்லாம், ஃபைபரில் விரிசல் விழுந்தால் சரிபண்ண முடியுமா என்பது மட்டும்தான். முடியும் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது நானில்லையே. ஹுத்தான் மெலிந்தாங் ஊர் மீன்பிடிப் படகுகளுக்கெல்லாம் ஐஸ் பெட்டி செய்து கொடுத்தவன் நான், படகு எனக்குப் புதுசில்லை என்று சேர்த்துச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன் மாப்பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்வது போலத்தான் அது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

டாக்டரம்மா பல் டாக்டர். ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் நீண்ட காலம் கிளினிக் வைத்திருந்தார். செட்டிநாட்டிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் பாதிப் பேர் டாக்டர், மீதிப் பேர் வக்கீல். நான் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அந்தத் தோட்டம் இப்போது பாதி செம்பனை, பாதி தாமான் என்கிற குடியிருப்பு. இந்த இரண்டு குடும்பத்துக்கும் பழக்கம் வந்தது என் மனைவியால். அந்தக் கிளினிக்கில் இருபது வருஷம் டாக்டரம்மாவின் பக்கத்தில் நின்று ஊசியும் இடுக்கியும் எடுத்துக் கொடுத்தவள் அவள். கிளினிக்கை மூடிய பிறகும் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் வருவாள். அப்படிப் போன ஒரு நாள்தான், கார் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு போட்டு, பழைய படகு ஒன்று, கிடக்கிறது என்று வந்து சொன்னாள்.

போய்ப் பார்த்தேன். இரண்டு பழைய டயர்கள் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நீளம் பதினாலு அடி இருக்கும். மேலெல்லாம் பல்லி எச்சம். வெள்ளையாக இருந்த பூச்சு பழைய பல் மாதிரி மஞ்சளாகியிருந்தது. டாக்டரம்மாவும் அவர் கணவரும் கல்யாணமான புதிதில் வாங்கிப் பந்தயம் ஓட்டிய பாய்மரப் படகாம். முதலில் பத்துகாஜா பக்கத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டையில் பழகிவிட்டு, அப்புறம் லுமுட் கடலுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். கணவர் இறந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. இப்போது கிளினிக்கும் இல்லை. ஒரே ஒரு தரம் அதில் ஏறிப் போய்விட்டு வர வேண்டும் என்றார். அறுபத்தெட்டு வயது அவருக்கு.

நான் முதலில் பார்த்தது அடிப்பாகத்தை. அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஃபைபரில் எந்த வளைவும் கொண்டு வரலாம். தைப்பூசக் காவடிக்கு மயில் கழுத்தே செய்திருக்கிறேன். இந்தப் படகின் அடியோ தட்டைப் பலகைகளை மடித்து ஒட்டியது போல, பக்கத்துக்குப் பக்கம் நீளமான ஒரு மடிப்பு விளிம்போடு இருந்தது. இதைச் செய்தவனுக்கு வேலை தெரியாதோ என்று கேட்டுவிட்டேன். டாக்டரம்மா சிரித்தார்.

இந்த வகைப் படகை முதன்முதலில் வரைந்தவர் மெல்லிய பிளைவுட்டில் செய்வதற்காகத்தான் வரைந்தாராம். சாதாரண ஆட்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையில் தாங்களே செய்துகொள்ள வேண்டும், இரண்டு பேர் தூக்கிக் கார் கூரை மேல் வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பிளைவுட் ஒரு பக்கமாக மட்டும் வளையும், இரண்டு பக்கமாக வளைத்தால் உடைந்துவிடும். அதனால்தான் அந்த மடிப்புகள். பிறகு ஃபைபர் வந்தது. நல்லதாக ஒரு மரப் படகைத் தேர்ந்தெடுத்து அதன் மேலேயே அச்சு எடுத்திருக்கிறார்கள். வளைவை அழகாக மாற்றியிருக்கலாமே என்றேன். மாற்றினால் புதுப் படகு வேகமாகப் போகும், மரப் படகு வைத்திருப்பவன் தோற்றுப் போவான், அதனால் மாற்றக் கூடாது என்று பந்தயச் சட்டமாம். எடையும் அப்படித்தான். ஃபைபர் படகு இலேசாக அமைந்துவிட்டால் ஈயக் கட்டியை வைத்துத் திருகி மரப் படகின் எடைக்குக் கொண்டு வர வேண்டும். அடப்பாவிகளா, இலேசாகச் செய்வதற்கு நாங்கள் படுகிற பாடு என்ன, இவர்கள் ஈயத்தை வைத்துக் கனமாக்குகிறார்களே என்று தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது.

பின்பக்கப் பலகையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் தடம் இருந்தது. ஃபைபரில் விழுந்த கீறல் அல்ல. அச்சு எடுத்த அந்த மரப் படகில் எவனோ ஒருவனின் உளி வழுக்கியிருக்கிறது. அது அச்சில் பதிந்து, அந்த அச்சில் பிறந்த எல்லாப் படகிலும் வந்திருக்கிறது. முப்பது வருஷமாக அச்சு வேலை செய்கிற நான் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒருத்தன் ஒரு நிமிஷம் கவனம் சிதறினான், எத்தனை ஊர்க் குளத்தில் எத்தனை படகு அந்தத் தடத்தோடு ஓடுகிறதோ. நான் அதைத் தேய்க்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

லஹாட் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறையின் பின்கட்டில் வைத்து வேலை ஆரம்பித்தேன். எங்கள் முதலாளி தவுக்கே நல்ல மனுஷன், ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் கொடுத்தார். எங்கள் பட்டறையில் முக்கியமாகத் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் தொட்டி, ஐஸ் பெட்டி. விரிசலைத் தேய்த்து, கண்ணாடி நார் மேட் வைத்து, ரெசின் பசையில் ஹார்ட்னர் கலந்து ஊற்றினேன். தோட்டத்தில் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைப்பது போலத்தான் இதுவும். அளவு கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. மேலே புது வெள்ளைப் பூச்சும் கொடுத்தேன். அந்த வேலையில் என்னைக் குறை சொல்ல ஈப்போவில் ஆளில்லை.

படகின் முன்பக்கத்தில் தளத்துக்கு அடியில் ஒரு மூடிய அறை இருந்தது. இரண்டு பக்கத்திலும் அப்படி. அதெல்லாம் காற்றறை, கவிழ்ந்தால் அந்தக் காற்றுதான் படகை மிதக்க வைக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முன்னறையின் மூடியைக் கழற்றிக் கையை விட்டால் உள்ளே ஃபோம். மஞ்சள் ஃபோம், துண்டு துண்டாக, அறை முழுக்க. எறும்பு கூடு கட்டி, ஒரு மூலை ஈரமாகி, நாற்றம் குடலைப் பிடுங்கியது. நான் என்ன நினைத்தேன் என்றால், காற்று இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் குப்பை எதற்கு? ஃபோம் என்றால் எனக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். ஐஸ் பெட்டியின் இரண்டு சுவருக்கு நடுவில் வைத்தால் குளிர் உள்ளேயே நிற்கும். பந்தயம் ஓட்டுகிறவர்கள் குளிர்பானம் வைத்துக்கொள்ள ஏதோ செய்திருப்பார்கள் என்றே நினைத்தேன், சத்தியமாக.

அதோடு எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. தொட்டியை மூடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு தூசு இருக்கக் கூடாது. தவுக்கே கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். விரலில் ஏதாவது ஒட்டினால் அன்றைக்கு முழுக்கத் திட்டு. அந்தப் பழக்கம் என் கையிலும் வந்துவிட்டது. மூன்று அரிசி மூட்டை நிறைய ஃபோமை அள்ளிக் குப்பை லாரியில் போட்டேன். உள்ளே கழுவித் துடைத்தேன். பிறகு தொட்டிக்குச் செய்கிற சோதனையைச் செய்தேன். இணைப்புகளில் வெளியே சுண்ணாம்பு தடவி, அறை நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பில் ஒரு துளி வியர்வைகூட இல்லை. தண்ணீரை வடித்துவிட்டு மூடியை ரப்பர் வைத்துத் திருகி, சுற்றிலும் சிலிக்கன் போட்டேன். மூடி போட்ட பிறகு இன்னொரு சோதனை செய்யவில்லை. தொட்டிக்கு அது தேவையில்லை, மூடி மேலேதானே இருக்கும்.

படகு இலேசாகிவிட்டது என்று டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஊறியிருந்த ஈரமெல்லாம் காய்ந்திருக்கும் என்று அவரும் சந்தோஷப்பட்டார்.

அது இரண்டு பேர் ஓட்டுகிற படகு. ஒருவர் பின்னால் சுக்கானும் பெரிய பாயும் பார்க்க வேண்டும், ஒருவர் முன்பாயைப் பிடித்துக்கொண்டு, படகு சாயும்போது எதிர்ப்பக்கம் தொங்க வேண்டும். கூட யார் வருகிறார் என்று கேட்டேன். டாக்டரம்மா என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீச்சல் தெரியாத பொம்பளை, நாற்பத்தெட்டு வயது, ஆற்றில் கால் நனைத்தாலே சளி பிடிக்கும் என்று ஏதேதோ கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"இருபது வருசம் அவங்க பக்கத்துல நின்னுருக்கேன். அவங்க கை நீட்டறதுக்கு முன்னாடியே எது வேணும்னு எனக்குத் தெரியும். நான் போறேன் லா" என்றாள்.

டாக்டரம்மாவும் அவளும் ஒரு மாதம் நகராண்மைக் கழக நீச்சல் குளத்துக்குப் போனார்கள். லைஃப் ஜாக்கெட்டோடு மிதக்க மட்டும் என் மனைவி கற்றுக்கொண்டு வந்தாள், எந்தக் கயிற்றை எப்போது இழுப்பது என்பதை டாக்டரம்மா வீட்டில் வாயாலேயே சொல்லிக் கொடுத்தார். நான் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவு வீம்பு எனக்கு.

ஒரு சனிக்கிழமை காலை தவுக்கேயின் லாரியில் படகை ஏற்றி லுமுட்டுக்குக் கொண்டு போனோம். புதுக் கார் எடுத்தால் செய்வதைப் போல படகைத் தள்ளுகிற வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, படகின் மூக்கில் குங்குமம் வைத்தோம். பாயை ஏற்றினதும் அந்தப் பழைய சாமான் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. தண்ணீரில் தள்ளிவிட்டேன். இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். போன விதத்தைப் பார்த்து எனக்கே வாய் அடைத்துவிட்டது. டாக்டரம்மா தலையைத் திருப்பினால் போதும், இவள் கயிற்றை விடுகிறாள், இழுக்கிறாள், சாய்கிறாள். வாயே திறக்கவில்லை இருவரும். கிளினிக்கில் இப்படித்தான் நின்றிருப்பார்கள் போல.

கரையில் சாம்பான் என்கிற சின்ன எஞ்சின் படகை வாடகைக்கு விடும் ஒரு மலாய்க்காரப் பெரியவர் இருந்தார். மாமா என்பதைப் போல மலாயில் பாக்சிக் என்று கூப்பிட்டேன். தெர்மோஸிலிருந்து அவருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, படகைச் சரிபண்ணியது நான்தான் என்று ஆரம்பித்தேன். இந்த வகைப் படகை அந்தக் காலத்தில் நிறையப் பார்த்திருப்பதாகச் சொன்னார். பூச்சு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, உள்ளே இருக்கும் ஃபோமை மாற்றினாயா, இத்தனை வருஷத்தில் அது ஊறியிருக்குமே என்று கேட்டார். எடுத்துப் போட்டுவிட்டேன் என்றேன். புதுசு வைத்தாயா என்றார். எதற்கு என்றேன்.

அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். காற்றறையில் எங்காவது தண்ணீர் நுழைந்துவிட்டால் காற்று போய்விடும், அப்போது படகைத் தாங்குவது அந்த ஃபோம் ஒன்றுதான் என்று நிதானமாகச் சொன்னார். ஃபோம் இல்லாவிட்டால் மூக்கு உள்ளே போகும். பிறகு பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. கடல் வற்றி நீர் இறங்குகிற நேரம் இது, ஆளை வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

மூடி. எனக்கு அந்த மூடிதான் ஞாபகம் வந்தது. சோதனை செய்யாத மூடி. தொட்டி கவிழாது, அதனால் மூடியைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. படகு கவிழும். எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். அவர்கள் இருந்தது வெகு தூரத்தில். என் மனைவி ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். நான் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள், பாவி மகள்.

திரும்பி வருவதற்காகப் படகை வளைத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்று பலமாக வந்தது. பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறைந்துகொண்டு போனதைப் பார்த்தேன். அப்புறம் பாயையே காணோம். தண்ணீர் மேல் கவிழ்ந்த படகு வெள்ளையாக ஒரு கோடு மாதிரி மட்டும் தெரிந்தது.

பாக்சிக் சாம்பானின் எஞ்சினை இழுத்தார். முதல் இழுப்பில் பிடிக்கவில்லை, இரண்டாவதிலும் பிடிக்கவில்லை. நான் வாய்க்கு வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். தோட்டத்து முனியாண்டியிலிருந்து கல்லுமலை முருகன் வரை ஒருத்தரையும் விடவில்லை. என் உயிரை வேண்டுமானால் எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று சத்தமாகவே சொன்னேன். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. போகிற தூரம் முழுக்க அந்த மூடியின் ஒவ்வொரு திருகையும் மனசுக்குள் எண்ணினேன். எல்லாவற்றையும் இறுக்கினேனா, இல்லை பேச்சுவாக்கில் ஒன்றை விட்டேனா? ஒரு தலையை மட்டும்தான் பார்த்தேன். இன்னொன்று எங்கே? சாம்பான் சுற்றிக்கொண்டு போன பிறகுதான் படகின் மறுபக்கம் என் மனைவியின் ஆரஞ்சு ஜாக்கெட் தெரிந்தது.

படகு பக்கவாட்டில் படுத்து மிதந்துகொண்டிருந்தது. மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருந்தது, ஆனால் மேலேதான் இருந்தது. நான் அவள் பக்கம் கையை நீட்டினேன்.

"கிட்ட வராதீங்க. கயிறு எஞ்சின்ல மாட்டிக்கும்" என்றாள். மூக்கில் தண்ணீர் வழிந்தது, குரலில் நடுக்கமே இல்லை. டாக்டரம்மாவும் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு அந்த அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, படகின் வயிற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நடுப்பலகை மேல் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தார். படகு யோசித்தது. மெல்ல மெல்லப் பாய்மரம் எழுந்தது. படகு நிமிர்ந்தபோது, அந்தப் பக்கம் உள் விளிம்பைப் பிடித்து மிதந்துகொண்டிருந்த என் மனைவியையும் தானே அள்ளி உள்ளே போட்டுக்கொண்டது. நான் சாம்பானில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பாக்சிக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவர்களே ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். நான் ஓடிப் போய் முன்னறையின் வடிகால் அடைப்பானைப் பிடுங்கினேன். உள்ளங்கையை அடியில் வைத்தேன். தண்ணீர் வந்தது. ஒரு டம்ளர் அளவுக்கு வந்து நின்றது. கால் மணி நேரம்தான் அவர்கள் கவிழ்ந்து கிடந்திருப்பார்கள். ஒரு மணி நேரம் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட மனசு வரவில்லை.

டாக்டரம்மா குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தார். பல்லைப் பார்க்கிற பார்வை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு டம்ளர்தானே, பழைய படகு, மூடி கொஞ்சம் கசிந்தது என்று சொன்னால் நம்பியிருப்பார்கள். பாக்சிக்கும் வாயைத் திறக்கிற ஆளாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் படகில் அவர்கள் மறுபடி ஏறினாலும் ஏறுவார்கள். அதனால் சொன்னேன். மூன்று மூட்டையையும் சொன்னேன், குளிர்பானத்துக்கு என்று நினைத்ததையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அந்த வார்த்தை என் வாயில் பழகாத வார்த்தை.

டாக்டரம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"எடை கொறைஞ்சிருக்குன்னு நீங்க சொன்னப்ப, ஏன்னு நான் கேட்டிருக்கணும் தம்பி. சந்தோஷப்பட்டுட்டு விட்டுட்டேன்" என்றார். பிறகு, ஃபோமை வைத்து, மூடியையும் மாற்றி, கவிழ்த்துப் போட்டுச் சோதித்த பிறகுதான் இனிமேல் தண்ணீரில் இறங்குவது என்று எனக்கு உத்தரவு போட்டார். அப்படியென்றால் ஒரே ஒரு தரம் என்று சொன்னதெல்லாம் போய்விட்டது என்பது எனக்குப் புரிந்தது. அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

என் மனைவி உடை மாற்றிக்கொண்டு வந்து லாரியில் ஏறினாள். படகைக் கட்டி முடித்து நானும் ஏறினேன். டாக்டரம்மா தன் காரில் முன்னால் போய்விட்டார். சித்தியவான் தாண்டுகிற வரை திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். ஈரத் தலைமுடி கழுத்தில் ஒட்டியிருந்தது, உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

ரோட்டில் கொஞ்சம், அவளைக் கொஞ்சம் என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். இறங்கும். நிம்மதியாக இருக்கும். அரை மைல் போனதும் அந்த நிம்மதி தீர்ந்துபோய் மறுபடி பார்ப்பேன். அவளிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. முப்பது வருஷமாக நான் செய்த தொட்டியெல்லாம் முகம் தெரியாத யாருக்கோ போனது. என் வேலையை நம்பி என் வீட்டு உயிர் ஒன்று தொங்கியது இன்றைக்குத்தான். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஸ்ரீ இஸ்கந்தார் பக்கம் ஒரு நேர் ரோடு வரும். அங்கே கொஞ்சம் அதிக நேரமாகவே பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

கண்ணைத் திறக்காமலேயே, "நான் இருக்கேன். ரோட்டப் பாருங்க" என்றாள்.